பேதி ஆகும்போது விளக்கெண்ணெய் குடித்துவிட்டு நான் பட்டது

சித்திரை இரண்டாவது ஞாயிறு, காங்கேயம் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் சொந்தக்காரர்கள் வீட்டுக் கெடா விருந்து. திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது, "ஒத்தையில போய் என்னத்தச் சமைப்ப, எடுத்துட்டுப் போ கண்ணு" என்று ஒரு தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்பும் பொட்டலத்தில் சோறும் கட்டிக் கொடுத்தார்கள். பாசத்தோடு கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிட்டது. இருந்த அலுப்பில் போசியை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் மதியம் அதை லேசாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். காலை பதினொரு மணிக்கு இறக்கிய குழம்பு, நான் வாயில் வைத்தபோது அதற்கு ஒரு நாளுக்கு மேல் வயசு. வாசமும் மாறவில்லை, ருசியும் மாறவில்லை, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை. எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் போல அவரும் போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், அப்போது சத்தீஸ்கரில் இருந்தார். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அத்தை தோட்டத்தில் மாடு கன்றை விட்டுவிட்டு வர முடியாது என்று நானாகவே முடிவு பண்ணிக்கொண்டேன். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிளவுஸ் தைக்கிறேன். அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டுக்கு ஒன்பது பிளவுஸ் கொடுக்க வேண்டியிருந்தது.

திங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு வயிறு பொருமிக்கொண்டு வந்தது. தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலி. எல்லா வீட்டிலும் செய்வதுதான், ஒரு ஸ்பூன் ஓமத்தை வெறும் வாணலியில் வாசம் வருகிற வரைக்கும் வறுத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, சூடாகக் குடித்தேன். ஏப்பம் வந்தது, முறுக்கல் கொஞ்சம் குறைந்தது. இதுவரைக்கும் நான் செய்ததில் தப்பில்லை. ஓமம் வாயுவையும் வயிற்று இழுப்பையும் தணிக்கும், சீரகத் தண்ணீரும் அப்படித்தான். குமட்டல் இருந்தால் ஒரு துண்டு இஞ்சியோ சுக்கோ தட்டிப்போட்டுக் காய்ச்சிய தண்ணீர் நல்லது. அதையும் தூக்கலாகப் போட்டால் நெஞ்சு எரியும், சின்னத் துண்டு போதும். ஆனால் எனக்கு வந்தது வெறும் வாயு இல்லை என்பது பதினொரு மணிக்குத் தெரிந்தது. முதலில் வாந்தி, அப்புறம் வயிற்றால் போக ஆரம்பித்தது. விடிகாலை நாலு மணிக்குள் ஏழு தடவை. எங்கள் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் மூன்று படி இறங்கிப் போக வேண்டும். ஏழாவது தடவை திரும்பி வரும்போது அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். வலியால் மட்டுமில்லை, வீட்டில் ஒரு ஆள்கூட இல்லையே என்கிற நினைப்புத்தான் அழவைத்தது.

காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். "வவுத்துல கெட்டது தங்கிப்போச்சு அம்முணி. வெளக்கெண்ணெய் ரெண்டு கரண்டி குடிச்சுப்போடு, எல்லாங் கழிஞ்சு போச்சுன்னா சரியாப் போயிரும்" என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. எங்களைச் சின்ன வயசில் லீவு நாளில் உட்காரவைத்து மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றி வளர்த்தவர்கள்தான் எல்லோரும், அது கைகண்ட மருந்து என்றே பழகியிருக்கிறோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கெட்டது உள்ளே இருக்கிறது, வெளியே போய்விட்டால் நின்றுவிடும். செக்கில் ஆட்டி வைத்திருந்த எண்ணெயில் இரண்டு கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரோடு குடித்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் மலச்சிக்கலுக்கு. அது குடலைச் சுருக்கித் தள்ளவைக்கும், தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். ஏற்கெனவே பேதியாகிறவருக்கு அதைக் கொடுத்தால் பேதி இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். நிலாவரைச் சூரணம், கடுக்காய்ப் பொடி எல்லாமும் இதே கணக்குத்தான். கெட்டதை வெளியேற்றுகிற வேலையை உடம்பே பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் செய்ய வேண்டியது அதோடு சேர்ந்து வெளியே போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்ப உள்ளே கொடுப்பது. எனக்கு இதைச் செவ்வாய்க்கிழமை காலையில் யாராவது சொல்லியிருந்தால் பதினாறாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. அப்புறம் இரண்டாவது தப்பைச் செய்தேன். தண்ணீர் குடித்தால் வாந்தி வருகிறது, குடித்தது உடனே வெளியே போகிறது, அதனால் குடிக்காமல் இருந்தால் நிற்கும் என்று நினைத்து வாயைக் கட்டிவிட்டேன். மதியம் வரைக்கும் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளியே சித்திரை வெயில், வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு மணி இருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி, பேதிக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்பு சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் (ORS) வாங்கிவரச் சொன்னேன். அவன் கடையில் கொடுத்ததை வாங்கி வந்தான், ஆரஞ்சு ருசியில் ஒரு அட்டை டப்பா, மேலே பெரிதாக அந்த எழுத்துகள். நிம்மதியாகக் குடித்தேன். இனிப்பு என்றால் அப்படி ஒரு இனிப்பு. குடித்த அரை மணியில் வயிறு இன்னும் மோசமானது. பிறகுதான் தெரிந்தது, அது பேருக்குத்தான் ஓஆர்எஸ், உள்ளே இருப்பது சர்க்கரை கூடுதலான பானம். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஆனாலும் வாங்கும்போது நீங்களே பாருங்கள். மருந்துக்கடையில் பொடியாகக் கிடைக்கும் பொட்டலம், அதில் உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கும், பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலமே இருபது, இருபத்தைந்து ரூபாய்க்குள் வரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கொடுப்பார்கள்.

செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு அந்த மூன்று படியில் விழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது தெரிகிறது, சுவரைப் பிடித்தது தெரிகிறது, அப்புறம் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி அந்த வலியில் நானே போட்ட சத்தத்தில் நினைவு வந்தது. பெரியம்மாவும் அவர் பேரனும் ஓடி வந்து ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 108 என்கிற நினைப்பே எங்கள் மூன்று பேருக்கும் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாக அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். பதட்டத்தில் நினைவு வராது என்பதால் இப்போது அந்த எண்ணைக் கரியால் கதவுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

அங்கே இருந்த நர்ஸ் அம்மா என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் உடனே படியவில்லை, கூடாரம் போட்ட மாதிரி அப்படியே நின்று மெதுவாக இறங்கியது. "எப்பங்க கடைசியா ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து போகவே இல்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. பேதியை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, எண்ண வேண்டியது இது என்று தோன்றவில்லை. ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை, அல்லது வந்தது கடும் மஞ்சளாக இருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் ஓமம், சீரகம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். டாக்டரிடம் விளக்கெண்ணெய் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "பேதிக்குப் பேதி மருந்து குடிச்சிருக்கீங்க. இனிமே எந்த வீட்டு வைத்தியமா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க, நாங்க குடுக்கிற மருந்துக்கு அது தெரியணும்" என்றார். இரண்டு ராத்திரி, ஆறு பாட்டில் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, எல்லாம் சேர்த்து 13,400 ரூபாய். ஒன்பது பிளவுஸில் நாலைத் தைக்க முடியாமல் துணியைத் திருப்பிக் கொடுத்ததில் 3,200 போனது. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார், அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

வியாழன் மதியம் வீட்டுக்கு வந்தபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா போன் பண்ணியிருக்கிறார். "என்னையக் கூப்பிட்டிருந்தா வரமாட்டனா சாமி, மாடு என்ன ஓடியா போயிரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த ஐந்து நாள் அவர் எனக்குச் செய்து கொடுத்தவைதான் உண்மையான வீட்டு வைத்தியம் என்று நான் நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் அரிசிக் கஞ்சி. ஒரு பிடி பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, குடிக்கிற பதத்துக்கு நீர்க்க விட்டு, உப்புப் போட்டு, ஒரு மணிக்கு ஒரு முறை அரை டம்ளர். மாவுச்சத்தும் உப்பும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அத்தைக்கு அந்தக் காரணம் தெரியாது, ஆனால் உப்பில்லாமல் கஞ்சி கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் ஜவ்வரிசிக் கஞ்சி. எங்கள் பக்கம் மரவள்ளிக்கிழங்கு விளைகிற மண், சேலம் நாமக்கல் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. பாலும் சர்க்கரையும் போடாமல், கண்ணாடி மாதிரி வெந்ததும் நீர்மோர் கலந்து கொடுத்தார். பால் வேண்டாம் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பேதிக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குடலுக்குக் குறைந்திருக்கும், தயிரும் மோரும் அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. அப்புறம் வாழைக்காய். தோலோடு வேகவைத்து, உரித்து, சீரகமும் உப்பும் போட்டு மசித்தது. வங்கதேசத்தில் குழந்தைகளுக்குச் சமைத்த வாழைக்காய் கொடுத்து ஆராய்ந்து பார்த்ததில் பேதி சீக்கிரம் கட்டுப்பட்டது என்று பிற்பாடு படித்தேன், அத்தையிடம் சொன்னபோது அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நாலாம் நாள்தான் அரிசிம்பருப்புச் சோறு, அதுவும் தாளிக்காமல், மேலே நெய் விடாமல். இளநீரும் தினம் ஒன்று. ஆனால் இளநீரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் நிறைய, பேதியில் போகிற சோடியம் அதில் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கவே கூடாது.

மாதுளம் தோல் கஷாயம், கொய்யாக் கொழுந்து, எலுமிச்சை பிழிந்த கடுங்காப்பி என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். துவர்ப்புள்ள இவையெல்லாம் லேசான கழிச்சலைக் கட்டுப்படுத்தலாம், எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) கொய்யாக் கொழுந்தை மெல்லக் கொடுப்பார், எனக்கே கேட்டிருக்கிறது. காப்பியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது சிலருக்குக் குடலை இன்னும் கிளறிவிடும். எதுவானாலும், காய்ச்சல் அடிக்கிறபோதோ ரத்தம் கலந்து போகிறபோதோ பேதியை நிறுத்துகிற முயற்சி எதுவும் செய்யாதீர்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற நிறுத்துகிற மாத்திரையும் சேர்த்துத்தான். அந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் டாக்டர்தான். வலி வலது பக்கம் அடிவயிற்றில் நிலையாக நின்றால், அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால், இரண்டு நாள் தாண்டியும் நிற்காவிட்டால் அதேதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவர், சர்க்கரை நோயாளி என்றால் அந்த இரண்டு நாளும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தேர்வு முடிந்து மகள் வந்த பிறகுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள் அவளாகவே வந்து உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கம் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியிருக்கிறது. திலீப் மஹாலனாபிஸ் என்கிற டாக்டரிடம் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோகவே, உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய பெரிய டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அவர் 2022-இல் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இனிப்பும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து போனால், பேதியாகிக்கொண்டிருக்கிற குடலும் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் சூட்சுமம் என்றாள். முதல் நாள் ராத்திரியே நான் இதைக் குடிக்கத் தொடங்கியிருந்தால் அந்த ஆறு பாட்டிலும் தேவைப்பட்டிருக்காது என்று எனக்கு அப்போது உறைத்தது.

ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாத ராத்திரியில் வீட்டிலேயே கலப்பது எப்படி என்று அவளே பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டுக் காட்டினாள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சின்ன ஸ்பூனில் தலை தட்டிய சர்க்கரை ஆறு. அதே ஸ்பூனில் தலை தட்டிய உப்பு அரை. தலை தட்டுவது முக்கியம், குவித்து எடுத்தால் அளவு கெட்டுவிடும். உப்பு கூடினால் ஆபத்து, ருசி பார்த்தால் கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பெரியவர்கள் ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் ஒரு டம்ளராவது குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக, அவசரப்படாமல். நான் வாயைக் கட்டினேனே, அங்கே இந்த ஸ்பூன் கணக்குத் தெரிந்திருந்தால் போதும். குழந்தைகளுக்குப் பொட்டலம்தான் நல்லது, கூடவே துத்தநாக மாத்திரையோ மருந்தோ 10 முதல் 14 நாள் டாக்டர் எழுதிக் கொடுப்பார், பேதி நின்றாலும் அதைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

மிச்சக் குழம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க முடியாத கறியையும் சோற்றையும் சித்திரை வெயிலில் மறுநாளைக்கு வைக்காதீர்கள். கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் பலர் சாப்பிடுகிறோம், ஆனால் சில கிருமிகள் விட்டுவைக்கிற நஞ்சு சூட்டிலும் அழியாது. தூக்குப்போசியைக் கழுவிக் கொடுக்கப் போனபோது அந்தச் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லவில்லை, ஆசையாகக் கொடுத்தவர் மனசு வருத்தப்படும். அடுத்த முறை கட்டிக் கொடுக்க வந்தால் அங்கேயே இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

தனியாக இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. உடம்பு சரியில்லாத முதல் மணி நேரத்திலேயே யாராவது ஒருவருக்குப் போன் பண்ணிவிடுங்கள், வரச்சொல்லிக்கூட இல்லை, காலையில் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிவைக்க. இப்போது நானும் அத்தையும் காலை ஆறு மணிக்குப் பேசிக்கொள்கிறோம். பால் கறந்ததும் அவர் கூப்பிடுவார். நான் எடுக்காவிட்டால் பெரியம்மாவுக்கு அடுத்த போன் போகும்.

வீட்டுக்காரர் ஊருக்கு வந்து இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்ப வண்டிக்குக் கிளம்பும்போது அவர் பெட்டியில் பத்து ஓஆர்எஸ் பொட்டலம் வைத்து அனுப்பினேன். போர் போடுகிற காட்டில் கிடைக்கிற தண்ணீரைத்தான் அவர்கள் குடிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் கூப்பிட்டபோது, கூட வேலை செய்கிற பையன்கள் இரண்டு பேருக்கு வயிறு போனதாம், நாலு பொட்டலம் செலவாகிவிட்டது, அடுத்த தடவை இருபதாக வை என்றார்.